முப்பத்தொரு குடைகளும் ஒரு புரொப்பெல்லரும்

வள்ளக்கடவு படகு ஷெட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாரே,

போன வாரம் நான் அங்கே வந்தபோது ஷெட்டுக்குள் ஒரே சண்டை. புதிய படகுக்கு மூன்று இலை புரொப்பெல்லர் மாட்டுவதா, இரண்டு இலை மாட்டுவதா, எது எண்ணெய் குறைவாகக் குடிக்கும் என்று. ஒருவர் கையில் விற்கிறவன் அனுப்பிய அட்டவணை. இன்னொருவர் கையில் சாக்குக்கட்டி, தரையெல்லாம் கணக்கு. என்னைக் கண்டதும் இரண்டு கட்சியும், "அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க" என்றீர்கள். நான் சிரித்தேன், கொடுத்த டீயைக் குடித்தேன், நழுவிவிட்டேன். கிழவனுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். கிழவன் என்பது பொய், ஐம்பதுதான் ஆகிறது. காது என்பது பாதி உண்மை. இருபத்தைந்து வருஷம் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில் என் காதுகள் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. அவற்றுக்குத் துணையாகத்தான் நானும் வேலையை விட்டேன். ஆனால் அன்று நீங்கள் கேட்டது நன்றாகவே காதில் விழுந்தது. பதில் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் பயத்தை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அது சாதாரணப் பயம் அல்ல. முதலில் வயிற்றுக்கு வரும். அங்கிருந்து நேரே கைக்குப் போகும். மூளைக்கு வந்து சேரும்போது கை காரியத்தை முடித்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், வேளிக்குப் பக்கத்தில், படகின் பின்பக்கமிருந்து புகை வந்தது. "தீ!" என்று கத்தினேன். கருவிப் பையைத் தூக்கிக் கால்வாயில் எறிந்தேன். பையைக் காப்பாற்றிய திருப்தியோடு நானும் குதித்தேன். இடுப்பளவு தண்ணீர். நிமிர்ந்து பார்த்தால் எங்கள் ஸ்ராங்கு, கரி அடுப்பில் கருவாடு சுட்டுக்கொண்டிருக்கிறார்.

"டிரைவரே, குளிச்சது போதும். வேகம் ஏறி வா, மீன் கரியும்."

ஸ்ராங்கு என்றால் உங்களுக்குத் தெரியும், சுக்கான் பிடிப்பவர், படகுக்குப் பொறுப்பாளி. இவர் பெருமாத்துறைக்காரர். என் வயதுதான். நான் எஞ்சினுக்குப் பொறுப்பு. அவர் மலையாளம் பேசுவார், நான் நாஞ்சில் நாட்டுத் தமிழ் பேசுவேன். பத்து வருஷத்தில் இரண்டும் கலந்து, எங்கள் படகுக்கு மட்டுமே புரியும் ஒரு பாஷை ஆகிவிட்டது. அன்று பயணிகள் கடினங்குளம் வரை சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் கருவிப் பையைச் சேற்றில் துழாவி எடுத்துக் கொடுத்தார்.

இனி புரொப்பெல்லர்.

யுத்த காலம். எங்கள் படகு காலையில் வள்ளக்கடவிலிருந்து கிளம்பி, கால்வாயும் காயலுமாக அஞ்சுதெங்கு வரை போய், மாலையில் திரும்பும். தம்பானூருக்கு ரயில் வந்த பிறகு தூரப் பயணக்காரர்கள் எங்களை மறந்துவிட்டார்கள். கரையோரத்து ஜனங்களுக்குத்தான் வேறு கதியில்லை. கோர்ட்டுக்கு வருகிறவர், கயிறு விற்கப் போகிறவர், பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் எல்லாரும் எங்களிடம்தான்.

அந்தப் பாதையில் ஒரு வழக்கம் இருந்தது. இப்போது சேர்ந்த உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. கரையில் யார் நின்று குடையைத் தூக்கினாலும் படகு நிற்கும். கடவு, ஜெட்டி என்ற படகுத்துறை எல்லாம் பெயருக்குத்தான். ஒருவர் தன் வீட்டு வாசலில் நின்று குடை தூக்குவார், ஏற்றிக்கொள்வோம். நூறு அடி தள்ளி அவருடைய மைத்துனர் குடை தூக்குவார், மறுபடியும் நிற்போம். "ரெண்டு பேரும் ஒரே இடத்துல நிக்கப்படாதா?" என்று ஒருமுறை கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் என் முழங்கையை இடித்தார். இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம்.

அப்போதுதான் எண்ணெய்க்குக் கட்டுப்பாடு வந்தது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் எங்களுடையது. போக இரண்டரை, வர இரண்டரை, ஆக ஐந்து டின் குடிக்கும். எங்கள் மேனேஜர் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்காரர். சாமி என்று கூப்பிடுவோம். ஒரு நாள் கையில் கடிதத்தோடு ஷெட்டுக்கு வந்தார். சாமி ஷெட்டுக்கு வந்தால் இடி விழப்போகிறது என்று அர்த்தம்.

"என்னங்காணும், இனிமே நாலு டின்தானாம். நாலிலே போயிட்டு வர முடியும்னு ஆபீசர் கண்ணுக்கு முன்னாலே ஓட்டிக் காட்டணுமாம். முடியலேன்னா பெர்மிட் கிடையாது, படகைக் கரையிலே ஏத்திடுங்கோன்னு எழுதியிருக்கா."

"ஏத்திட்டா சாமி?"

"ஏத்திட்டா நீரும் நானும் பத்மநாப சுவாமி கோவில் நடையிலே உக்காந்து நாம ஜபம் பண்ணலாம். கரையிலே இருக்கறவா என்ன பண்ணுவான்னு அந்தப் பெருமாளுக்குத்தான் தெரியும். ஏதாவது பண்ணும்."

வயிற்றில் புகுந்தது. கைக்கு வந்தது. கை சும்மா இருக்குமா? புரொப்பெல்லரில் போய் நின்றது.

எங்கள் படகில் இருந்தது மூன்று இலை. சின்ன பிட்ச். மரத்தில் திருகாணி ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்குமோ அதுபோல, புரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னே போகும் என்பதுதான் பிட்ச். சின்ன பிட்ச் என்றால் குட்டைக் கால்காரன் நடப்பது மாதிரி: அடி நிறைய, தூரம் குறைச்சல். எஞ்சின் வேகமாகச் சுற்ற வேண்டும், எண்ணெய் போகும். ஷெட்டின் மூலையில், உடைத்துப் போட்ட ஒரு படகின் புரொப்பெல்லர் கிடந்தது. இரண்டு இலை, பெரிய பிட்ச், நல்ல வெண்கலம். அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டினேன். வேளிக் காயலுக்குக் கொண்டுபோனேன். படகில் நானும் ஸ்ராங்கும் மட்டும். அளந்து ஊற்றிய எண்ணெய். காயலின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக ஓட்டிப் பார்த்தேன். எஞ்சின் தூங்குகிற குழந்தை மாதிரி மூச்சு விட்டது. பழையதில் மூன்று பங்கு எண்ணெய் குடித்த இடத்தில் இதற்கு இரண்டு பங்கு போதுமாக இருந்தது.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சாமிக்குச் சொன்னதும் அவர் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, ஆசாரம் தடுத்தது. ஆனால் மேல்துண்டை இரண்டு முறை உதறிப் போட்டுக்கொண்டார். அவரளவில் அது கட்டிக்கொண்டதற்குச் சமம். அன்றே ஆபீசருக்கு எழுதிவிட்டார்: புதன்கிழமை வரலாம்.

ஸ்ராங்கு மட்டும் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு சொன்னார்: "எல்லாம் சரி, டிரைவரே. பக்ஷே காயலில குடை இல்லல்லோ."

"மழை வந்தா நீரு குடை கொண்டாரும்" என்றேன். என் நகைச்சுவையை நானே ரசித்துச் சிரித்தேன். அவர் பீடியை இழுத்துக்கொண்டே கயிற்றை அவிழ்க்கப் போனார். தம்பிமாரே, ஒருவர் உங்களிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால், சிரிக்காதீர்கள். அந்த வாக்கியத்தை வீட்டுக்கு எடுத்துப்போங்கள்.

புதன்கிழமை விடியலில் நான் படகுக்கு வந்தபோது தோளில் ஒரு சாக்கு மூட்டை. பயந்தவன் எதையும் வீட்டில் விட்டு வரமாட்டான்.

"இது ஆரு, கூடுதல் பாசஞ்சரா?" என்றார் ஸ்ராங்கு.

"பழைய புரொப்பெல்லர். துணைக்கு."

"ஓ. ஜன்னல் பக்கம் உக்காரச் சொல்லு."

ஆபீசர் வந்தார். ஒல்லியான மனிதர், கோட்டு, கையில் ஒரு மரக்கோல். அதை டாங்கில் விட்டு எடுத்தால் எத்தனை டின் மீதி என்று கோடு கோடாகத் தெரியும். கண்ணெதிரே நாலு டின் ஊற்றச் சொன்னார், கோலை விட்டுப் பார்த்தார், குறித்துக்கொண்டார், என் எஞ்சினுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். பரீட்சை எழுதும்போது வாத்தியார் பக்கத்தில் வந்து நிற்பாரே, அந்த மாதிரி.

முதல் குடை கால் மைலில் வந்தது.

பெரிய பிட்ச் புரொப்பெல்லர் ஓடிக்கொண்டே இருந்தால் ராஜா. நின்று கிளம்புவது என்றால், மேட்டில் நிற்கிற பாரவண்டியை மறுபடி இழுக்கிற காளையாகிவிடும். எஞ்சின் முக்கியது, உறுமியது, கரும்புகையை அள்ளி வீசியது. அணைந்துவிடுமோ என்று பயந்து எண்ணெயைத் தாராளமாகத் திறந்துவிட்டேன். நிறுத்துவதோ அதைவிட மோசம். பின்னோக்கிச் சுற்றினால் அந்த இரண்டு இலைக்குத் தண்ணீரில் பிடிமானமே இல்லை. குடைக்காரரைத் தாண்டி இரண்டு தென்னை தூரம் போய் நிற்கும். மறுபடி பின்னால், மறுபடி முன்னால். ஒரு குடைக்கு மூன்று தடவை கிளம்பினோம். முப்பது பேர் ஏறிய படகு, குறுகிய கால்வாய், தேங்காய் மட்டை ஊறிக் கிடக்கிற ஆழமில்லாத தண்ணீர். காயலில் தூங்கிய குழந்தை இங்கே வீட்டையே இரண்டாக்கியது.

வெள்ளை வேட்டியில் கரி படிந்த ஒரு கயிற்று வியாபாரி சொன்னார்: "டிரைவரே, இன்னும் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டிருந்தா நேரா எனக்க மாமியா வீட்டுல எறங்கியிருக்கலாம்."

"மாமியார் வீட்டுக்கு இந்த வேஷத்தில போனா உள்ளே விடுவாங்களா?" என்றது இன்னொரு குரல்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை. கடினங்குளம் காயலின் வாயில் கோலை விட்டார். எடுத்துப் பார்த்தார். "ஒன்றே முக்கால் போயிருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. தராசு பேசினால் அப்படித்தான் பேசும்.

கணக்குப் போட்டேன். போக மட்டுமே இரண்டரை டின் ஆகிவிடும். மீதி ஒன்றரையில் திரும்ப முடியாது. படகு கரையேறும். சாமி கோவில் நடையில் உட்காருவார். ஸ்ராங்கு? அவர் வீட்டில் ஆறு பேர். வயிறு, கை என்று வந்த பயம் அன்று புது வழி கண்டுபிடித்து நாக்குக்குப் போனது.

"இனி குடை பாக்காண்டாம்! நேரே விடும்!"

ஸ்ராங்கு திரும்பிப் பார்த்தார். "எந்தா பறஞ்ஞது?"

"யார் குடை பிடிச்சாலும் நிக்க வேண்டாம். பெர்மிட்டு போச்சுன்னா எல்லாம் போச்சு!"

பீடியைத் தண்ணீரில் எறிந்தார். பிறகு முன்னால் திரும்பிக்கொண்டார். காயலைக் கடந்து மறுபடி கால்வாய்க்குள் நுழைந்தோம்.

வலது கரையில் ஒரு தாழம்புதர். அதற்குப் பின்னாலிருந்து ஒரு குடை உயர்ந்தது. கறுப்புக் குடை, ஒரு பக்கம் வெள்ளைத் துணியில் ஒட்டுப் போட்டது. தாண்டினோம். "ஹோய்!" என்று ஒரு குரல். அவ்வளவுதான்.

எஞ்சின் என்ன அழகாக ஓடிற்று தெரியுமா? நிற்காமல் போனதும் புகை அடங்கியது, உறுமல் அடங்கியது. எனக்கு அது வெற்றியாகத் தெரிந்ததே தவிர, எஞ்சின் எனக்கு ஏதோ சொல்கிறது என்று தோன்றவில்லை.

அஞ்சுதெங்குக்கு இரண்டு மைல் முன்னால் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். இடுப்பில் ஒரு துணி மூட்டை. குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கரையோரமாக எங்களோடு ஓடி வந்தாள். வாய் அசைந்தது. எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. காது கேட்காததற்காக நான் நன்றி சொன்ன நாள் அது ஒன்றுதான். அவளையும் தாண்டினோம்.

அதற்கடுத்த குடைக்கு ஸ்ராங்கு தானாகவே நிறுத்திவிட்டார்.

"என்ன ஓய் செய்றீரு!" என்று கத்தினேன்.

"குடை பாக்காதெ சுக்கான் பிடிக்க இந்தக் கைக்குத் தெரியூல்ல, டிரைவரே. வேணும்னா நீ வந்து பிடி."

அஞ்சுதெங்கு வந்தது. கோல் சொன்னது: இரண்டரை டின் காலி. ஆபீசர் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார். திரும்பக் கிளம்ப இரண்டு மணி நேரம் இருந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய புரொப்பெல்லரையும் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். பின்பக்கத்துச் சுமையை முன்னால் மாற்றியிருந்ததால் படகின் பின்பாகம் சற்று உயர்ந்திருந்தது. தடவித் தடவிப் பூட்டு ஆணியை உருவி, எங்கேயும் விழாதிருக்கப் பல்லில் கடித்துக்கொண்டேன். மார்பளவு தண்ணீர், மட்டை அழுகின நாற்றம். எனக்கு அதெல்லாம் தெரியவே இல்லை. கைக்கு வேலை கிடைத்துவிட்டது அல்லவா, மனசுக்கு நிம்மதி.

மேலே ஸ்ராங்கு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"எந்தா செய்யணது?"

"ப்ழஷை ம்மாட்..." ஆணியைப் பல்லிலிருந்து எடுத்தேன். "பழசை மாட்டப் போறேன்."

"பழசில போக எத்தர டின்?"

"இரண்டரை."

"இன்னிக்குப் புதுசில எத்தர?"

"இரண்டரை."

அவர் ஒரு வாய் கஞ்சி குடித்தார். "பின்னே எந்தினா நீ வெள்ளத்தில நிக்கணது?"

தம்பிமாரே, பல பேர் எனக்குப் பல பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மார்பளவு தண்ணீரில் நின்று கேட்டது இது ஒன்றுதான். எந்தப் புரொப்பெல்லரைப் போட்டாலும் இரண்டரை என்றால், எண்ணெயைக் குடிப்பது புரொப்பெல்லர் அல்ல. காயலில் இல்லாததும் கால்வாயில் இருப்பதும் எது? மூளை மெதுவாக வந்து சேர்ந்தது. காலையிலிருந்து எத்தனை குடை என்று கேட்டேன். அவர் எண்ணி வைத்திருந்தார்.

"முப்பத்தொண்ணு. இருபத்தொம்பதுக்கு நின்னு. ரெண்டுக்கு நின்னில்ல."

அந்த 'ரெண்டு' என்ற சொல்லை அவர் சொன்ன விதம் இன்னும் என் பாதிக் காதில் இருக்கிறது.

அப்போதுதான் ஜெட்டியில் அவள் வந்து நின்றாள். கால் முழுக்கச் சேறு. அதே குடை, அதே துணி மூட்டை. ஸ்ராங்கு எழுந்து நின்றுவிட்டார். பேறு பார்க்கும் பெண் அவள், அந்தக் கரைக்கு முழுக்க அவள் ஒருத்திதான் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். அவள் பேசியது மலையாளம். எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

"இதில டிரைவர் யாரு?"

நான் தண்ணீருக்குள்ளிருந்து கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"அங்கேயே நில்லு, நல்லாயிருக்கு" என்றாள். "ரெண்டு மைல் நடந்தேன். ஓட்டமும் நடையும். நான் போய்ச் சேரும்போ குஞ்ஞு வெளியே வந்தாச்சு. பக்கத்து வீட்டுக்காரி பிடிச்சிருந்தா. கழுத்தில கொடி சுத்தி, நீலமாக் கிடந்து. அவளுக்கு என்ன செய்யணும்னு அறியாது, அழுதுகிட்டு நிக்கறா."

நான் கேட்டேன்: "பின்னே?"

"பின்னே எந்தா. கொடியை எடுத்து, ரெண்டு தட்டு தட்டினேன். அழுதுது. தாயும் பிள்ளையும் சுகம். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா உன் வாசல்லதான் கொண்டுவந்து கிடத்தியிருப்பேன்."

நான் என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள். எண்ணெய், பெர்மிட், ஆபீசர், நாலு டின் என்று ஏதோ உளறினேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"எண்ணெய் இல்லேன்னா நிக்க முடியாது. சரி. அதுக்கு, குடை பிடிக்கிறவளைப் பாக்காம போறதா வழி? எங்கே நிப்பேன்னு முதல்லயே சொல்லு. நான் அங்கே வந்து நிக்கறேன். நடக்கறதுக்கு எனக்குக் காலில்லையா? நிக்குமோ நிக்காதோன்னு தெரியாம நிக்கறதுக்குத்தான் மனுஷனால ஆகாது."

இருபது வருஷமாக நாங்கள் ஜனங்களிடம் இதைக் கேட்டதே இல்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று நாங்களே முடிவு செய்திருந்தோம்.

பூட்டு ஆணியைத் திரும்ப மாட்டினேன். புதிய புரொப்பெல்லர் அங்கேயே இருக்கட்டும். பழையது சாக்குக்குள் போய் உட்கார்ந்தது. ஸ்ராங்கும் அவளும் விரல் விட்டு எண்ணி வழியில் ஒன்பது கடவு சொன்னார்கள். கிளம்புகிற நேரம் அவள் படகின் நடுவில் நின்று எல்லாரிடமும் சொன்னாள்: இனி ஒன்பது இடத்தில்தான் படகு நிற்கும், அங்கே வருகிறவர்களுக்காகக் காத்து நிற்கும், இதைக் கரையில் இருக்கிறவர்களுக்குச் சொல்வது நம் வேலை.

டீக்கடையிலிருந்து வந்த ஆபீசர் கேட்டார்: "இது யார்? கம்பெனி ஆளா?"

"இல்ல சார்" என்றேன். "இப்போதைக்கு முதலாளி."

திரும்பி வந்த பயணம் மாதிரி ஒன்றை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கரையில் குடை எழும்பும், உடனே படகிலிருந்து முப்பது குரல்: "மடக்கு! மடக்கிட்டு அடுத்த கடவுக்கு நட!" சிலர் ஓடினார்கள், சிலர் திட்டிக்கொண்டே நடந்தார்கள். குறுகின கால்வாயில் ஸ்ராங்கு மெதுவாகத்தான் விட்டார். அங்கே வேகம் வைத்தால் படகு தன் தண்ணீரையே தான் உறிஞ்சி இழுத்துக்கொண்டு நிற்கும், எண்ணெய்தான் கரியாகும். ஒவ்வொரு கடவிலும் கரையோரமாக வருகிறவர்களுக்காகக் காத்தோம். பேச்சுவார்த்தை இல்லாத மைத்துனர்கள் இருவரும் ஒரே கடவில், ஒரே தென்னைக்கு இரண்டு பக்கமும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். எஞ்சின் மறுபடி காயலில் மூச்சுவிட்ட மாதிரி மூச்சுவிட்டது.

அந்தப் பெண்ணின் வீடு வந்தது. நான் ஸ்ராங்கைப் பார்த்தேன். நிறுத்தும், என்று கண்ணால் சொன்னேன். அவள் அதைக் கண்டுகொண்டாள்.

"வேண்டா" என்றாள். முக்கால் மைல் தள்ளி இருந்த கடவில் இறங்கி, குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

தாழம்புதரைக் கடந்தபோது எழுந்து நின்று பார்த்தேன். யாரும் இல்லை.

வள்ளக்கடவு ஜெட்டி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எஞ்சின் இருமியது. இன்னொரு தரம் இருமியது. நின்றது. டாங்கு காலி. ஸ்ராங்கு மூங்கில் கழியை எடுத்து ஊன்றினார். கரி படிந்த வேட்டிக்காரர் தன் சரக்கிலிருந்து ஒரு கயிற்றுக் கட்டை அவிழ்த்தார். நாலைந்து பேர் கரையில் குதித்து இழுத்தார்கள். கடைசி இரண்டு ஃபர்லாங் நாங்கள் கோவில் தேர் மாதிரி வந்தோம். ஜெட்டியில் நின்றிருந்த சாமி, பெர்மிட் ஆபீசரைக் கயிறு கட்டி இழுத்து வருவதைக் கண்டு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார்.

ஆபீசர் கோலை விட்டார். எடுத்தார். ஈரமே இல்லை.

"தீர்ந்துடுத்து" என்றார் சாமி. எண்ணெயைச் சொன்னாரா எங்களைச் சொன்னாரா தெரியவில்லை.

ஆபீசர் நோட்டைப் புரட்டினார். "போகும்போது இரண்டரை. வரும்போது ஒன்றரையும் ஒரு கயிறும். புரொப்பெல்லரை மாற்றினாயா?"

"இல்ல சார். அதேதான்."

"அந்தச் சாக்கில் என்ன?"

"பழையது சார். பயத்துக்குக் கொண்டுவந்தது."

அன்று முதல் தடவையாக அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. ஜெட்டியில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார்.

"போகும்போது ஓட்டியது நீ. வரும்போது ஓட்டியது அவர்கள். வந்த கணக்கில் போயிருந்தால் நாலு டின்னில் மிச்சமே இருந்திருக்கும். வந்த கணக்குக்குத்தான் பெர்மிட். ஒன்பது கடவுக்கு மேல் ஒரு இடத்தில் நின்றாய் என்று கேள்விப்பட்டால் ரத்து."

"நோயாளி, பேறுன்னா சார்?" என்று கேட்டது ஸ்ராங்கு.

ஆபீசர் நோட்டை மூடினார். "அதை நான் கேள்விப்பட மாட்டேன்" என்றார்.

அந்த வாரமே ஏற்பாடு செய்தோம். குடையோடு ஒரு வெள்ளைத் துணியையும் சேர்த்து ஆட்டினால் எந்த இடமானாலும் படகு நிற்கும். கரைக்காரர்கள் அதைப் பொய்யாக ஆட்டியது ஒரே ஒரு தரம்தான், கல்யாணத்துக்கு நேரமாகிவிட்ட ஒரு மாப்பிள்ளை. படகில் இருந்தவர்களே அவனை முகூர்த்தம் வரை விடாமல் கேலி செய்து தண்டித்துவிட்டார்கள்.

இனி உங்கள் சண்டைக்கு வருகிறேன். இரண்டு இலையா, மூன்று இலையா? எனக்குத் தெரியாது. உங்கள் படகு எங்கே நிற்கும், எத்தனை தரம் நிற்கும், எவ்வளவு பாரத்தோடு கிளம்பும், தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று ஒரு வாரம் பாதை முழுக்கப் போய் எண்ணிக்கொண்டு வாருங்கள். பதில் தானாக வரும். நின்று நின்று போகிற படகென்றால் சின்ன பிட்ச்சைக் கேலி செய்யாதீர்கள். விட்டம், பிட்ச், சுற்று, குதிரைசக்தி எல்லாவற்றுக்கும் அந்த அட்டவணையில் கட்டம் உண்டு. குடைக்குக் கட்டம் கிடையாது. காலியான படகை ஆளில்லாத காயலில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் துண்டை உதறாதீர்கள். பயம் வந்தால் வரட்டும், நல்ல வேலைக்காரனுக்கு வராமல் இருக்காது. அது கைக்கு வருவதற்குள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். நாக்கையும்.

பேறு பார்க்கும் அந்தப் பெண் இன்றும் என்னைக் கண்டால், "டிரைவரே, வெள்ளத்தை விட்டுக் கேறியாச்சா?" என்று கேட்பாள். அவளிடம் எனக்குக் கடன் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம், திட்டித் தீர்த்துவிட்டாள். நான் சொல்ல வெட்கப்பட்டது அவளைப் பற்றி அல்ல.

அன்றைக்கு நிற்காமல் போனது இரண்டு குடைக்கு. தாழம்புதருக்குப் பின்னால் குடை தூக்கியது யாரென்று ஒரு மாசம் அந்தக் கரையில் கடவு கடவாக விசாரித்தேன். ஸ்ராங்கும் தன் ஆட்களை விட்டு விசாரித்தார். ஆள் அகப்படவில்லை. சந்தைக்குப் போகக் கிளம்பி, படகு நிற்காததால் வீட்டுக்குத் திரும்பிப் போய் ஒரு தூக்கம் போட்டவராக இருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று ஸ்ராங்கு சொல்வார். அப்படி இல்லாமலும் இருக்கலாம் என்பதால்தான் அவர் அதை அடிக்கடி சொன்னார் என்று நினைக்கிறேன். வேலையை விட்ட நாள் வரைக்கும் அந்தத் தாழம்புதர் வந்தால் நான் எஞ்சினை விட்டு எழுந்து நின்றுவிடுவேன்.

கறுப்புக் குடை. ஒரு பக்கம் வெள்ளைத் துணியில் ஒட்டு. புதருக்குப் பின்னால் ஆள் தெரியவில்லை.